கால்வாய்ப் பக்கத்து கேட்

அயனாவரத்தில் எங்கள் நகர் நலச்சங்கம்
மாதம் ஒரு மடல் போட்டது.
நாலு பக்கம், சைக்ளோஸ்டைல், சந்தாவில் சேர்த்தி.
முன்னூற்றுப் பதினெட்டு இதழ்கள்
மோட்டார் அறை பீரோவில் கிடந்தன.
பதினைந்தாம் வருட வெள்ளம்
கீழ்த்தட்டை மட்டும் எடுத்துக்கொண்டது.

மிச்சத்தை விக்கியில் ஏற்றுவதென்று
பொதுக்குழுவில் தீர்மானம்.
கணினி தெரியும் என்பதால் என் தலையில்.
கூடவே ஏ-7 ரெஜினா பிளாரன்ஸ்.
முடியாது என்று சொல்லத் தெரியாதவள்
என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்கேன் செய்வது பெரிதில்லை.
ஆனால் படத்துக்குக் காது கிடையாது,
பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது.
எழுத்தாக்க வேண்டும்.

எங்கள் சங்கத் தட்டச்சுப் பொறி
எண்பத்தைந்து வரை
தும்பிக்கை வைத்த லை-யைத்தான் அடித்தது.
மென்பொருள் திகைத்துப்போய்
'விலை' வந்த இடமெல்லாம் நட்சத்திரம் போட்டது.
தொண்ணூறுகளில் கணினி வந்து இன்னும் மோசம்.
கண்ணுக்குத் தமிழ்;
உள்ளே அரைப்புள்ளியும் டாலர் குறியும்.
அந்த எழுத்துருவைச் செய்தவர்
கடையை மூடிவிட்டார்.

பிறகு வேற்றுமை உருபு.
'வெள்ளம்' என்று தேடினால்
வெள்ளத்தில் போன எதுவும் கிடைப்பதில்லை.
மரம் வரும், மரத்தடி வராது.
ரெஜினாதான் சொன்னாள்:
வாலை நறுக்கிடு, தலைய மட்டும் வை.

தேடல் பெட்டி வேலை செய்த ராத்திரி
வாயில் வந்ததையெல்லாம் அடித்துப் பார்த்தோம்.
தண்ணீர்: இருநூற்று எழுபத்தொன்று.
நாய்: அறுபத்தாறு.
நன்றி: எல்லா இதழிலும், கடைசிப் பக்கம்.
மன்னிப்பு:
இந்தப் பெயரில் பக்கம் இல்லை,
நீங்கள் உருவாக்கலாம்.
இரண்டு பேரும் சிரித்தோம்.

அப்புறம் அவள் 'கேட்' என்று அடித்தாள்.
வால் நறுக்கிய குற்றம்,
கேட்டவர்கள் எல்லாரும் வந்து வரிசையில் நின்றார்கள்:
விளக்கம் கேட்டு, பாக்கி கேட்டு,
சத்தம் கேட்டதாகப் புகார் சொல்லி.
நான் மூடப்போனேன். இரு, என்றாள்.
ஒவ்வொன்றாக இறங்கிப் போனாள்.

ஏப்ரல் எண்பத்து மூன்று. மூன்றாம் பக்கம், கீழே.
"ஓட்டேரி கால்வாய்ப் பக்கத்து கேட்டைப்
பூட்டுப் போட்டுப் பூட்டுவது.
குடிசைப் பகுதியினர் நமது அடிபம்பில்
நீர் எடுப்பதைத் தவிர்க்கும் பொருட்டு.
ஆதரவு 41. எதிர்ப்பு 1.
முன்மொழிந்தவர் திரு. கந்தரவதனம்."

எதிர்த்த ஒருவருக்குப் பெயர் போடவில்லை.
எந்தச் சொல்லை அடித்தாலும்
அவர் வரப்போவதில்லை.

எனக்கு அப்ப எட்டு வயசு, என்றாள்.
அந்தப் பக்கம்தான் இருந்தோம்.
குடம் பிளாஸ்டிக்கு.
பூட்டு மட்டும் பித்தளை, நல்லா மினுமினுன்னு.
திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டாள்:
கந்தரவதனம்னு இங்க யாராவது இருந்தாங்களா?

இல்லை என்றேன்.
அது உண்மைதான்.
கந்தரவதனம் என்று யாரும் இருந்ததில்லை.

அவள் போன பிறகு
ஸ்கேனைப் பெரிதாக்கினேன்.
மை பரவிய இடத்தில்
சு-வின் வால் மழுங்கி, க.
மென்பொருளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
அப்படியே விட்டால்
அப்பாவை யாரும் தேடிப் பிடிக்க முடியாது,
நடைபாதைக் கல் பதித்ததற்காகவும்
தெருவிளக்குக்கு அலைந்ததற்காகவும்
பதினாறு இதழ்களில் சரியாக விழுந்த
அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால்
இந்தப் பக்கம் வராது.
ஒரு பிழை இவ்வளவு ஆதரவாக இருக்கும்
என்று எனக்குத் தெரியாது.

கீழே ஓட்டேரி நல்லா நாறிக்கொண்டிருந்தது.
யார் வீட்டு மோட்டாரோ ஓடி நின்றது.

திருத்தினேன்.
சேமிக்கும் முன் விக்கி கேட்டது:
இது சிறு தொகுப்பா?
கட்டத்தில் சுட்டியை வைத்து,
எடுத்துவிட்டேன்.

வரலாற்றுப் பக்கத்தில் இப்போது ஒரு வரி,
யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்:
22:47, சு. மஞ்சரி, எழுத்துப் பிழை, (+3).

முன்னெழுத்தைப் பார்ப்பாள் ரெஜினா.