மூன்று நிமிடம் நாற்பத்தொன்று

மெர்பேங்கில் எண்ணெய் ஆலையின் வாடை
உள்ளே வராதிருக்கக்
கதவடியில் ஈரத்துண்டைச் சுருட்டி வைப்பேன்.
முன்பு திரைச்சீலை தைத்த கூடம் இது.
இன்றைக்கும் பெருக்கினால்
ஊசியொன்று அகப்படும்.

சரோஷினி மூட்லி
இரண்டு நாளுக்குத்தான் பணம் கட்டியிருந்தாள்.
கணக்கு டீச்சர். திருத்தாத விடைத்தாள்கள்
காரின் பின்சீட்டில் வெயில் காய்ந்தன.
இரவல் பாத்திரத்தைப் பார்ப்பதுபோல
டெனர் சாக்ஸபோனைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பியானோவில் ம்தோகோ, யாரோடும் பேசமாட்டான்.
கேப் டவுனிலிருந்து பேருந்தில் வந்த லேண்டன்,
தன் பேஸுக்கும் ஒரு டிக்கெட் எடுத்திருந்தான்.
டிரம்ஸில் தேவேஷன் நாயக்கர்.

முதல் டேக்கில் எல்லாருக்கும் பயம்.
இரண்டாவதைக் கூரையில் இறங்கிய
ஹடிடா பறவைகள் அலறிக் கெடுத்தன.
மூன்றாவதில் தேவேஷனின் மனைவி,
ரொட்டி வாங்கிவரச் சொல்லி.
நான்காவதில் ஒரு பிசகும் இல்லை.
"அழித்துவிடு" என்றாள்.

இப்படியே ஐந்து பாட்டு தேறியது.
மறுநாள் சாயங்காலம் ஆறாவது.
அதற்குப் பெயர் வைக்கவில்லை,
என் தாளில் வெறும் 6.
மூச்சு அதிகம் கேட்கிறது, குறைக்கட்டுமா என்றேன்.
"நாற்பது பிள்ளைகள் நடுவே
என் மூச்சு எனக்கே கேட்பதில்லை.
இதிலாவது இருக்கட்டும்."

மூன்று நிமிடம் நாற்பத்தொரு நொடியில்,
ஒரு சுரத்தின் பாதியில்,
கரண்ட் போயிற்று.
அட்டவணையில் பத்து மணி என்றிருந்தது.
மணி ஏழுகூட ஆகவில்லை.

திரை செத்தது. ஹெட்ஃபோன் செத்தது.
கண்ணாடிக்கு அப்பால்
அவர்கள் நிறுத்தவில்லை.
தடித்த கண்ணாடி; பக்கத்து வீட்டுச் சண்டைபோல
லேசாகத்தான் கேட்டது.
என் தொழிலில் யாரும் செய்யாததைச் செய்தேன்:
வாசிக்கும்போது கதவைத் திறந்தேன்.

தேவேஷனின் குச்சி எங்கோ உருண்டுபோய்
வெறும் உள்ளங்கை.
லேண்டனின் விரல் இடம் தேடியது,
தேடுகிற சத்தமும் பாட்டில் சேர்ந்தது.
ம்தோகோ வாசிப்பதை விட்டு
மிதிகட்டையை மட்டும் அழுத்தியிருக்க,
மற்றவர்கள் வாசித்தது
பியானோக் கம்பிகளில் முனகியது.
அவள் மேலே ஏறவில்லை.
ஒரே சுரத்தில் நின்று,
கரும்பலகையில் சாக்கட்டி தேய்வதுபோல
அது தீரும்வரை தேய்த்தாள்.

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது.
சுவர்க் கடிகாரமும் கரண்டில் ஓடுவது.

"பிரகாசன், வந்ததா?"
கும்மிருட்டில் என் பெயரைக் கூப்பிட்டால்
வேறு நாளில் யாராவது சிரித்திருப்பார்கள்.
வரவில்லை என்றேன்.
மேசைக்கடியில் யுபிஎஸ் பேட்டரி
உப்பிப்போய் மூன்று வாரம் ஆனதைச் சொல்லவில்லை.
யாரோ பெருமூச்சு விட்டார்கள்.
எந்த மைக்கிலும் அது விழவில்லை.

ஆல்பம் வந்தது. ஆறாவது பாட்டு
அறுந்த இடத்தில் அறுந்தபடியே.
இன்னொரு முறை வாசிக்க
அவளும் கேட்கவில்லை, பணமும் இல்லை.

"அண்மையில் இத்தனை துணிச்சலான முடிவைக்
கேட்டதில்லை" என்று
டர்பன் பத்திரிகையில் ஒருவர் எழுதினார்.
அந்தத் துண்டை வெட்டித்
தபாலில் எனக்கு அனுப்பியிருந்தாள்.
கடிதம் கிடையாது.
துணிச்சல் என்ற சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு,
ஓரத்தில் வட்டம் போட்டு
பத்துக்கு ஏழு.

பேட்டரி மாற்றிவிட்டேன்.
மூன்று மதிப்பெண் எதற்குப் போனது என்று
இன்னும் கேட்கவில்லை.