அசையாப் பொருள்

சித்திரை கடைசியில்
மடத்துக்குளம் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது.
நூறு நாள் வேலைக்காரிகள்
இடுப்பாழம் இறங்கியபோது
செல்லக்கனியின் மண்வெட்டி
'ணங்' என்று திரும்பி வந்தது.

உருண்டைகள்.
கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் பெரிது,
மொத்தம் ஏழு,
சக்கரத்தில் வைத்து இழைத்ததுபோல் வழவழப்பு.

"பீரங்கிக் குண்டு" என்றான் மேஸ்திரி கொம்பையா.
"வெள்ளைக்காரன் சுட்டது.
சேத்துல விழுந்து அணைஞ்சிருக்கு.
தள்ளி நில்லுங்க, வெடிச்சாலும் வெடிக்கும்."

எருமை வைத்திருக்கிற வண்டிமலைச்சி
குழிக்குள்ளிருந்தே சிரித்தாள்.
"ஏ சவமே, அது பீயுருட்டி
பிள்ளைக்குக் கெட்டுன வீடுல்லா.
சாணிய உருட்டி, மேல களிமண் பூசி
வாசலே வைக்காம அடச்சிருக்கா.
உள்ள இருக்குததுக்குச் சுவரே சோறு.
தின்னத் தின்ன வீடு பெருசாவும்."

பிறகு கையால் குழியை அளந்தாள்:
"முழங்கால் ஆழத்துல கெடந்தா முன்மழை.
இடுப்பாழம்னா ஐப்பசிக்குத்தான்.
மண்ணு எதுவரைக்கும் காயும்னு
வச்சவளுக்குத் தெரியும்."

"உடைச்சிராதிங்க," செல்லக்கனி பதறினாள்,
"உடைச்ச வீட்டுல தொட்டில் ஆடாது."

"எங்க ஊர்ல உடைச்சி
புழுவக் கோழிக்குப் போடுவாவ.
எனக்கு நாலு.
தொட்டில் நிண்ண பாடில்ல"
என்றாள் ஏர்வாடியிலிருந்து வாக்கப்பட்டவள்.

அதற்குள் கொம்பையாவின் படம்
வாட்ஸ்அப்பில் நாங்குநேரி தாண்டியிருந்தது.
கிராம அலுவலர் பைக்கில் வந்தார்.
நான் சாக்கைப் பிடித்தேன்.
தலையாரிக்கு அதுதானே வேலை.

பதிவேட்டில் அவர் சொல்லச் சொல்ல
என் கையெழுத்து:
கல் உருண்டை, பழமையானது, ஏழு.
அசையாப் பொருள்.

திருநெல்வேலிக்குக் கடிதம் போனது.
பதில் வரவில்லை.
பீரோவுக்கு மேலே,
காலாவதியான வாக்காளர் பட்டியலுக்குப் பக்கத்தில்
ஏழும் உட்கார்ந்திருந்தன.
ஆனி போனது.
ஆடிக்காற்று ஜன்னல் கொக்கியைப் பிடுங்கிக்கொண்டு போனது.
ஆவணியில் யாரோ ஒருத்தர் பட்டா மாற்ற வந்து
ஒன்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

புரட்டாசி இருபத்தேழு, ராத்திரி.
மேற்கே மலையில் இடித்தது கேட்டு
குடையைத் தேடுவதற்குள் இங்கே கொட்டிற்று.
பீரோவுக்கு நேர் மேலே ஒழுகும்
என்று மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
ஒழுகிற்று.

அப்புறம் அந்தச் சத்தம்.
அடங்கலை எலி கறம்புகிறது என்றே நினைத்தேன்.
டார்ச் அடித்தால்
ஓர் உருண்டையின் தலையில் கீறல்,
கீறலில் ஒரு கொம்பு.

அது அவசரப்படவே இல்லை.
ஓட்டை உதிர்த்து, நின்று, மூச்சுவிட்டு,
வாக்காளர் பட்டியலின் மேல் நடந்து
விளிம்பில் முதுகைத் திறந்தது.
பழைய லாரி ஸ்டார்ட் ஆவதுபோல் ஓர் உறுமல்.
டியூப் லைட்டில் மோதி, மல்லாந்து,
காலை உதறி, மறுபடி எழும்பி
கொக்கி இல்லாத ஜன்னல் வழியாக
மழைக்குள் போயே போய்விட்டது.

விடிவதற்குள் இன்னும் நான்கு.
ஒன்று கடைசிவரை திறக்கவில்லை.
உலுக்கிப் பார்த்தேன்,
உள்ளே ஏதோ உலர்ந்து குலுங்கியது.
ஏழாவதைக் காணோம்.
கொம்பையா வீட்டு ஷோகேசில் தேடலாம்.

"கணக்கு இடிக்குதே வே," அலுவலர் முறைத்தார்,
"கல்லு பறக்குமா?"
நான் ஒன்றும் சொல்லவில்லை.
'அசையா' என்பதில் ஒரு கால் வாங்கியை மட்டும்
நீலப் பேனாவால் அடித்தேன்.
சொல் பாதியில் நின்றது.
நிற்கட்டும்.

குளத்துக்கரையில் வண்டிமலைச்சியைப் பிடித்தேன்.
"ஐப்பசின்னு சொன்னியே,
புரட்டாசியிலயே ஊத்திட்டு!"
எருமையின் முதுகில் தண்ணீரை விசிறியபடி சொன்னாள்:
"நாலு நாள் முன்னபின்ன இருக்கத்தான் செய்யும்.
சித்திரைல வெட்டுன மண்ணுக்கு
உங்க பேங்க்ல இன்னும் கூலி விழல.
அதக் கேளும் முதல்ல."

மேசையில் ஓர் ஓடு இருக்கிறது,
பாதி, கிண்ணம்போல், உட்புறம் மெழுகியதுமாதிரி.
குண்டூசி போட்டு வைத்திருக்கிறேன்.
கொம்பையா சொன்னதில்
அந்த மட்டும் சரி.