புதுக்கடையில் ஒரு தவணை

தபால் திணைக்கள வேன்
ஜம்பட்டா வீதியில் என் ஆட்டோவை நசுக்கி
இது நாலாம் வருசம்.

வழக்குப் போடப் போகிறேன் என்று
ஒரு மாதம் முன்பே அறிவிக்க வேண்டுமாம்.
பதிவுத் தபாலில் அறிவித்தேன்.
வேன் எனக்கு எதுவும் அறிவிக்கவில்லை.

இன்று அரச தரப்பு எழும்பி
கோப்பு வந்து சேரவில்லை என்றது.
தவணை.
போன வருசம் எனக்கு பஸ் வந்து சேரவில்லை.
பத்தே நிமிசம்;
தள்ளுபடி செய்ததைத் திரும்ப எடுப்பிக்க
மனுசியின் காப்பு போனது.

"வெண்டாலும் ஒண்டு சொல்லோணும்" என்றார்
சட்டத்தரணி நிலூபர்,
"அரசாங்கத்திண்ட ஒரு கதிரையையும்
சீஸ் பண்ண ஏலாது."

பிஸ்கால் ஞாபகம் வந்தார்.
கடன் வழக்கில் நான் தோற்ற கிழமை
பிரிட்ஜைத் தூக்க வந்தவர்
உள்ளே இருந்த பாரைமீன் குழம்பை
சிந்தாமல் எடுத்து மேசையில் வைத்தார்.
பிறகு
சட்டியை என் கையில் தந்துவிட்டு
மேசையையும் தூக்கினார்.

நீதிமன்ற வாங்கின் காலில்
வெள்ளைப் பெயின்டில் ஓர் இலக்கம்.
எழும்பும்போது
காற்சட்டையில் ஒட்டிய தூசைத்
தட்டிவிட்டுத்தான் வந்தேன்.
அதுவும் அவர்களுடையதாக இருக்கும்.