ஐந்து பேர் போதும்

ஐந்து பேரிடம் கேட்டால் போதும்,
முக்கால்வாசிப் பிழை வெளியே வந்துவிடும்
என்பது எங்கள் தொழிலின் பழைய கணக்கு.
வலங்கைமான் கொள்முதல் நிலைய வாசலில்
நாலு பேர் முடிந்திருந்தார்கள்.
ஐந்தாவது, தையல்நாயகி.
தார்ப்பாய் மூலையில் செங்கல் வைத்துக்கொண்டே
கேளுங்கம்மா என்றார்,
மழ வர்றதுக்குள்ள.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது
செயலியைக் கட்டி, வண்ணம் பூசி,
வெளியிட மூன்று நாள் இருக்கும்போது கூப்பிடுவார்கள்.
பொத்தான் பச்சையா நீலமா, போய்க் கேட்டு வா.
கேட்டு வந்தேன்.
பச்சை என்றவர்களும் நீலம் என்றவர்களும்
ஒரே மாதிரிதான் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.
டீ வாங்கித் தந்தார்கள்.
அந்த டீக்கும் ரசீது கேட்டது அலுவலகம்.

பிறகு கொஞ்ச காலம் நன்றாக இருந்தது.
ஆறு பேர். தனி அறை. சுவரெல்லாம் மஞ்சள் ஒட்டுத்தாள்.
பயனரின் குரல் என்று எங்களுக்கொரு பட்டம்.
குரலை நாற்பது ஸ்லைடில் மடித்து எடுத்துப் போவோம்.
தலையாட்டுவார்கள்.
ஆட்டிய தலைகள் அடுத்த ஸ்லைடுக்குள்
மடிக்கணினிக்குத் திரும்பியிருக்கும்.

ஒரு மார்ச்சில் ஐந்து பேரை அனுப்பிவிட்டார்கள்.
ஒட்டுத்தாள்களை நான்தான் உரித்தேன்.

இப்போது ரோஹித்தே பயனரோடு நேராகப் பேசுகிறான்.
எப்படிக் கேட்பதென்று அவனுக்குச் சொல்வது என் வேலை.
பிடித்திருக்கிறதா என்று கேட்காதே ரோஹித்,
வாசல்வரை வந்தவனிடம்
பிடிக்கவில்லை என்று யார் சொல்வார்?
பேச்சையெல்லாம் இயந்திரம் கேட்டுச் சுருக்குகிறது.
ஒரு மணி நேரம், மூன்று வரி.
மூன்றும் சரி. அதுதான் தொல்லை.

தையல்நாயகிக்கு வந்தவை:
டோக்கன் பெறுவதில் தாமதம்.
ஓடிபி சிக்கல்.
மொத்தத்தில் திருப்தி.

திருப்திதாம்மா என்று அவர் சொன்னது உண்மை.
சொல்லிவிட்டு
பதினோரு வினாடி நெல்லைத் துழாவினார்.
ஈரம் பார்க்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.
ஒலிப்பதிவில் அது வெறும் சரசரப்பு;
இரைச்சல் என்று பெயர் வைத்து
இயந்திரம் அதைக் கழித்துவிட்டது.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியும்.
செயலியில் இருப்பது மகனின் எண்.
மகன் திருப்பூரில், இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறான்.
நெல் இங்கே நனைய
ஓடிபி அங்கே போய்
மூன்று நிமிடம் உயிரோடு கிடந்து
செத்துப்போகிறது.

திரும்பும் வழியில், குடமுருட்டிக் கரையில்
லஸ்கர் ஒருவர் நீர்மட்டம் பார்த்து நோட்டில் எழுதினார்.
எழுதி, பேனாவைச் செருகி,
ஷட்டரை இரண்டு சுற்றுத் திருப்பினார்.
நோட்டு ஆபீசுக்கு, என்றார் நான் பார்ப்பதைப் பார்த்து.
இது கடைமடைக்கு.

திங்கட்கிழமை. அடுத்த காலாண்டில் என்ன கட்டுவது?
இந்தக் கூட்டத்துக்கு இப்போதெல்லாம் என்னை முதலிலேயே அழைக்கிறார்கள்,
மரியாதையா, வேறு ஆளில்லையா, தெரியாது.
டோக்கன் பக்கத்தை வேகமாக்கலாம் என்றான் ரோஹித்.
நான் மூன்று வரியைத் திறக்கவில்லை.
சரசரப்பைப் போட்டேன்.
ஒலிபெருக்கி பழுது என்று யாரோ எழுந்தார்கள்.
உட்காருங்கள் என்றேன்.
ஏழு வருடத்தில் அந்த அறையில் நான்
யாரையும் உட்காரச் சொன்னதில்லை.

எத்தனை பேருக்கு இப்படி? என்றான் ரோஹித்.
நல்ல கேள்வி. எனக்கு விடை தெரியாது.
பஸ் ஏறினோம்.

வெள்ளை ஷூவோடு சேற்றில் இறங்கி
வாயைத் திறந்தான், பிடித்திரு என்பது வரை வந்தது.
தையல்நாயகி அவன் கையில் செங்கல்லைக் கொடுத்தார்.
அந்த மூலைல வைங்க தம்பி, காத்து தூக்குது.
வைத்தான். அங்கேயே குந்தினான்.
நான் கடிகாரம் பார்க்கவில்லை.

ஓடிபி இன்னும் திருப்பூருக்குத்தான் போகிறது.
மாற்றுவது அடுத்த காலாண்டில், எழுதியாகிவிட்டது.
அடுத்த காலாண்டு ஜனவரியில்.
சம்பா அறுப்பும்.