ஏறும் விதங்கள்

வால்பரைசோவில் தெருக்கள் பாதி வழியில் மனம் மாறிப்
படிக்கட்டுகளாகிவிடும்.
அப்படி ஒன்றின் பக்கத்தில் என் மரக்கூண்டு.
கம்பி இழுக்கக் குன்றேறும் பெட்டிக்குச்
சீட்டு கிழிப்பவன் நான்.
இருபத்திரண்டு வருடத்தில் சில்லறை தவறியதில்லை.
ஆனாலும்
பன்னிரண்டு வயதில் கணக்கில் தோற்றவன்.
கரும்பலகை முன் நிறுத்திவைத்த அந்த ஒன்பது நிமிடம்
இன்னும் முழங்காலில் இருக்கிறது,
குளிர் வந்தால் வலிக்கும்.

ஜூன் மழையில் பள்ளிக்கூரை ஒழுகிற்று.
வெயில் வந்த முதல் செவ்வாய்
மிரேயா டீச்சர் வகுப்பைப் படிக்கட்டுக்குக் கொண்டுவந்தாள்,
கையில் ஒரு சாக்பீஸ், வேறொன்றுமில்லை.
"அஞ்சு படி. ஒண்ணொண்ணா ஏறலாம்,
ரெண்டு ரெண்டாத் தாவலாம், கலந்தும் போகலாம்.
எத்தனை விதம்?
என் முகத்தைப் பார்க்காதீங்க.
அங்கே விடை இல்லை."

எலியாசர் ஏழு என்றான்.
"ஏழா! எந்த ஏழு? ஏறிக் காட்டு."
தவறு என்ற சொல்லுக்காகக்
கூண்டுக்குள் காத்திருந்தேன்.
பழக்கதோஷம். தோள்கூடக் குறுகியிருந்தது.
அது வரவில்லை.
ஐந்தாவதைக் காட்டி ஆறாவதுக்குப் போகும் வழியில்
ஒளிந்திருந்த எட்டாவதை அவனே மிதித்தான்.

வில்னர் ஹைட்டியிலிருந்து வந்து நான்கு மாதம்.
ஸ்பானிஷ் இன்னும் அவன் நாக்கில் உட்காரவில்லை.
அவன் ஏறவுமில்லை, கைதட்டினான்.
ஒற்றைப் படிக்குக் குறில்,
இரட்டைக்கு நெடில்.
தட் தட் தாஅ தட்.
தாஅ தட் தாஅ.
எட்டும் வந்தன, ஒன்றும் திரும்ப வராமல்.
கீழே போய்க்கொண்டிருந்த மீன்காரி
கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றாள்.

நயாரெத் கீழ்ப்படியிலேயே இருந்தாள், ஊன்றுகோல் மடியில்.
"எனக்குத் தாவ வராது.
எனக்கு ஒரே விதம்தான்."

இந்த இடத்தில் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்,
எப்படித் தலை சாய்த்துச் சொல்வார்கள் என்று தெரியும்.
மிரேயா சாக்பீஸை நீட்டினாள்.
"அப்போ விதியை மாத்து."

நயாரெத் நேரம் எடுத்துக்கொண்டாள்.
பெட்டி ஒரு முறை ஏறி இறங்கிவிட்டது.
"ஊன்றுகோல் முதல்ல, இல்லேன்னா கால் முதல்ல.
ஒவ்வொரு படியிலும் ரெண்டு."
ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு
என்று படிக்குப் படி இரட்டித்து எழுதினாள்.
முப்பத்திரண்டு.
வெறும் எட்டை வைத்திருந்தவர்கள்
வாய் மூட மறந்தார்கள்.

பழைய கணக்குக்குத் திரும்பியபோது
படி முகப்புகளில் வெள்ளையாய் நின்றன
ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு.
"அஞ்சாம் படிக்கு நாலிலிருந்து வரலாம்,
மூணிலிருந்து வரலாம், வேற வழி ஏது?
ரெண்டையும் கூட்டினாப் போதும்!"
எலியாசர் கத்தியதில் புறாக்கள் எழுந்தன.

நான் ஏன் ஜன்னலைத் திறந்தேனோ.
"இருபத்திரண்டு வருஷமா ஒரு படியும் ஏறாம
இங்கேயே நிக்கிறவனுக்கு எத்தனை விதம்?"
கேலியாகத்தான் கேட்டேன், என்னையே.

"பூஜ்ஜியம்!" என்று சிரித்தார்கள்.
நயாரெத் சிரிக்கவில்லை.
எண்களை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தாள்.
"இல்லை, ஒண்ணு" என்றாள்.
"சும்மா நிக்கிறதும் ஒரு விதம்.
ரெண்டாம் படியோட ரெண்டு எங்கிருந்து வந்துச்சு?
முதல் படியில ஒண்ணு,
மிச்ச ஒண்ணு தரையிலதான் இருக்கணும்.
இவர் இல்லாம கணக்கு தொடங்காது."

சொல்லிவிட்டுக் குனிந்து
என் கூண்டு வாசலில்
பெரிதாய் ஒன்று போட்டாள்.

மிரேயா என்னைப் பார்த்தாள்.
பாராட்டாகப் பார்க்கவில்லை, அடுத்த கேள்விக்காக.
கேட்டேன், சீட்டுக்கட்டைத் திருகியபடி:
"ஒரு படி இறங்கி மறுபடி ஏறினா?"
"ஐயோ, தெரியலையே"
என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று பிற்பகல் சீட்டு வாங்கியவர்களுக்கெல்லாம்
பின்பக்கம் பென்சில் கிறுக்கல் இலவசம்.
மாலையில் கூண்டைப் பூட்டி,
அந்த ஒன்றை மிதிக்காமல் தாண்டிப்
படி வழியே வீட்டுக்குப் போனேன்.
எந்த விதம் என்று சொல்ல மாட்டேன்.