அல்லது

என் இயந்திரத்தில் இருபத்திரண்டு விசைகள்.
மௌனத்துக்கென்று ஒன்றும் இல்லை.

பதினேழு வருடமாய் ஐடஹோவின் இந்த மாவட்ட நீதிமன்றத்தில்
பிறர் பேசுவதை விரல்களால் கேட்கிறேன்.
தும்மலை எழுதுவதில்லை.
ஹீட்டர் குழாய் தட்டுவதை எழுதுவதில்லை.

வழக்கு சின்னது. எண்பத்தைந்து டாலர் அபராதம்.
வெர்னா ஸ்டால்வொர்தி,
உருளைக்கிழங்கு ஆலையில் இரவுப் பணி,
தோலுரிக்கும் பெல்ட், கையுறைக்குள்ளும் ஈரம்.
மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வீடு போகிற வழியில்
நீர்த்தேக்கக் கரையில் காரை நிறுத்துவாள்.
விளக்கை அணைப்பாள்.
நாற்பது நிமிடம்
சும்மா இருப்பாள்.

மீன் பிடிக்கவில்லை. குடிக்கவில்லை.
யாருக்காகவும் காத்திருக்கவுமில்லை.
‘தகுந்த காரணமின்றி இரவில் தங்கலாகாது’
என்கிறது பலகை.

முதலில் வரைபடங்கள் மோதிக்கொண்டன.
அணை ஒன்றிய அரசுடையது என்றார் ஒருவர்.
தண்ணீர் மாநிலத்துடையது என்றார் இன்னொருவர்.
சரளைச் சாலை மாவட்டத்துக்குச் சொந்தம் என்பதற்காக
மூன்றாமவர் தொண்டையைச் செருமினார்
(செருமலையும் எழுதுவதில்லை).
ஒன்றியத்துக்குக் கொடுக்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கே
என்று பத்தாம் திருத்தத்தை வாசித்த அரசு வழக்கறிஞர்
பாதி வாக்கியத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

கட்டணம் வாங்காத வக்கீல் டோபியாஸ் க்வின்டெரோ
சட்டையில் காபிக் கறையோடு எழுந்து
மீதியை வாசித்தான்:
“அல்லது மக்களுக்கு.”

அல்லது.
ஒரே அழுத்தில் முடிகிற சொல்.
அரசு அல்லாதது எல்லாம்
அதற்குள் ஒண்டிக்கொண்டு நிற்கிறது.

நீதிபதி ஹால்வர்சன் அம்மையார் கேட்டார்:
“இருட்டில் உட்காரும் உரிமை
எந்தப் பிரிவில் இருக்கிறது?”

“எதிலும் இல்லை. அதற்காகத்தான் ஒன்பதாவது திருத்தம்.
சில உரிமைகளைப் பட்டியலிட்டதாலேயே
மற்றவை இல்லையென்று ஆகிவிடாது.
மளிகைச் சீட்டில் உப்பு எழுதாமல் போனால்
வீட்டில் உப்பே இல்லையென்றா அர்த்தம்?”

யாரோ சிரித்தார்கள்.
சிரிப்பை எழுதுவதுண்டு, அடைப்புக்குறிக்குள்.

பிறகு வெர்னாவிடம்:
“அங்கே என்னதான் செய்கிறீர்கள்?”

பதில் அவளிடம் இருந்தது.
எனக்கு எதிரேதானே உட்கார்ந்திருந்தாள், பார்த்தேன்.
உதடுவரை வந்ததை
உள்ளே திருப்பி அனுப்பினாள்.
ஹீட்டர் தட்டிக்கொண்டே இருந்தது.
விதிப்படி பதிவு செய்தேன்:
கேட்கும்படியான பதில் இல்லை.

தீர்ப்பு ஒரே பக்கம்.
ஆணையில் பதினான்காம் மைல்,
பலகையில் பதினொன்றாம் மைல் என்றிருக்கிறதாம்.
அபராதம் ரத்து.
ஒன்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை.
பத்தைப் பற்றியும்.
க்வின்டெரோ தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான்.
வெர்னா கடிகாரம் பார்த்தாள்;
ஆலை ஐந்து மணிக்கு.

மார்ச்சில் பலகையை மாற்றிவிட்டார்கள்.
சரியான எண், புது பெயின்ட்.
அவள் இன்னும் அங்கே போகிறாளா,
தெரியாது. விசாரிக்க எனக்கென்ன உரிமை.

நேற்று வீடு வந்த பிறகும் இறங்கவில்லை.
எஞ்சினை அணைத்துவிட்டு காருக்குள்ளேயே இருந்தேன்.
முன்கண்ணாடியில் பனி ஏறி
கராஜ் கதவு மறைந்தது,
அப்புறம் வாசல் விளக்கு.
விரல்கள் மடியில் கிடந்தன,
எதையும் எழுதாமல்.

எவ்வளவு நேரம் என்று
கேட்காதீர்கள்.