முதலில் கெதி

கவிழ்த்த வாளியில் இருக்கிறேன்.
பத்தரை மீட்டர் தள்ளி ஆர்பனோரா, பத்து வயது.
எனக்குப் பின்னால் தாழ்ந்த வேலி, வேலிக்கு அப்பால்
ஓல்டன் நகரசபை வாடகைக்கு விட்ட காய்கறிப் பாத்திகள்.
இன்றைக்கு நாலு பந்து லீக்ஸுக்குள் போய்விட்டது.
ஒன்று என் முழங்காலுக்கு.

இன்னும் கெதியா, என்கிறேன்.

கம்பியைப் பிடித்தபடி ஒரு தகப்பன்
மெதுவா எறி, நேரா எறி என்று
இரண்டு மொழியில் மாறி மாறிச் சொல்கிறார்.
குறை சொல்லமாட்டேன்.
நேரே விழுந்தால் ஆட்டம் நகரும்,
எல்லோரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போகலாம்.
ஆனால் மெதுவில் பழகிய கை
மெதுவிலேயே தங்கிவிடுகிறது.
கண்டிருக்கிறேன்:
பதின்மூன்று வயதிலும் பந்தைத்
தபால்காரி கடிதம் நீட்டுவதுபோல நீட்டுகிற பிள்ளைகள்.

கை காதை உரசி மேலே போகவேண்டும்,
இறங்கும்போது இடுப்பை.
பின்கால் பெருவிரல் மண்ணில் ஒரு கோடு இழுக்கவேண்டும்;
கோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன்
பந்து எங்கே போயிருக்கும் என்று.
மணிக்கட்டு கடைசியில்.
கை கழுவிவிட்டுத் துவாய் இல்லாதபோது உதறுவாயே, அது.

கல்லை எறிகிறோம், வலையை வீசுகிறோம், பட்டத்தை விடுகிறோம்.
இந்தப் பந்துக்கு மூன்றும் வேண்டும்.

கட்டுப்பாடு என்ற சொல்தான் எனக்குத் தொல்லை.
எங்கள் வீட்டில் அது
எட்டு மணி ரயில்,
தோளை மூடும் சட்டை,
அங்க நிண்டு ஆரோட கதைச்சனி.
எனக்கு அதுதான் முதலில் கிடைத்தது.
கெதியை நானாகத் தேடவேண்டியிருந்தது,
இருபத்தொரு வயதில், பாசலில்,
ஆள் போதாத ஒரு மாணவர் அணியில்.

இவர்களுக்குத் தலைகீழாகக் கொடுக்கிறேன்.

போன சனிக்கிழமை ஆட்டத்தில் ஆர்பனோரா
ஏழு பேரைச் சும்மா நடந்துபோக விட்டாள்.
எட்டாவது பிள்ளையின் தொடையில் பந்து.
அடிபட்டவள் தடவிக்கொண்டே முதல் பேஸுக்கு ஓடினாள்.
அழுதது எறிந்தவள்.

இன்று அவள் கை முழுச் சுற்றும் சுற்றி வந்து
கடைசிச் சாணில் தயங்குகிறது.
மட்டையோடு துவாரகி நிற்பதால்.
தயங்கிய பந்து பிந்தி விடுபடும், பிந்தியது மேலே ஏறும்,
ஏறியது லீக்ஸுக்கு.
காலைத் திருத்தலாம், தோளைத் திருத்தலாம்.
தன் கைக்கே பயந்த பிள்ளையை எந்தப் பக்கத்தில் பிடிப்பது?

துவாரகிக்கு முகக்கவசம் மாட்டி வாளியில் இருத்தினேன்.
ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு
அவள் நின்ற இடத்தில் நான் நின்றேன்.
எறி.
மாட்டேன்.
உன்னால் முடிந்த முழுக் கெதியில்.

முதலாவது வேலிக்கு மேல்.
இரண்டாவது மண்ணில்.
மூன்றாவது என் இடுப்பில்.

நோகுதா என்று பாதி தூரம் ஓடிவந்துவிட்டாள்.
இல்லை என்று சொல்லியிருக்கலாம்.
நோகுது, என்றேன். நிற்கிறேன்தானே, அடுத்ததைப் போடு.

அடுத்தது எங்கே போனதென்று சரியாகத் தெரியாது.
ஆரே ஆற்றுப் பக்கமிருந்து மூடுபனி வந்துகொண்டிருந்தது.
துவாரகியின் கையுறைக்குள் ஒரு சத்தம்,
கதவை யாரோ உதைத்ததுபோல.
ஸ்ட்ரைக் என்றாள் ஒருத்தி, பால் என்றாள் மற்றவள்,
வாளியை உருட்டிக்கொண்டு சண்டை.
நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

தோட்டக்காரர் ஐந்து பந்தையும் திருப்பி எறிந்தார்,
தலைக்கு மேலால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திக்கில்.

இப்போது ஆராவ் ரயிலில்
ஒரு பக்கமாகச் சாய்ந்து இருக்கிறேன்.
பந்தின் தையல் இடுப்பில் பதிந்திருக்கிறது,
துணிக்கு மேலாலேயே எண்ணலாம்.
எத்தனை மணிக்கு வீட்டை போவாய் என்று
அம்மா போனில் கேட்கிறாள்.
முப்பத்திநாலு வயது எனக்கு.
ம், ம் என்று சொல்லிக்கொண்டு
ஆர்பனோராவின் கால் இழுத்த கோட்டை நினைக்கிறேன்:
கடைசியில் கொஞ்சம் இடப்பக்கம் வளைந்திருந்தது.
செவ்வாய்க்கிழமை அதைப் பார்க்கவேண்டும்.